ஓடாமல் இருந்த ஓட்டக்காரன்

மனுஷ உடம்புக்குள் ஒரு கூலியாள் இருக்கிறான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் கிடையாது, உடம்பு சரியில்லை என்று ஒருநாள் லீவு கிடையாது. நாம் தூங்கினாலும் அவன் தூங்குவதில்லை. அந்தக் கூலியாள்மேல், இருதயத்தின்மேல், ஒரு பெண்ணுக்கு ஆசை விழுந்த கதை இது. ஆசை என்றால் வேறு மாதிரி நினைக்காதீர்கள் கண்ணுகளா. கோபுரத்தை முதல்முதலாக அண்ணாந்து பார்க்கிற பிள்ளைக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளுமே, அந்த மாதிரி ஆசை.

அவள் பெயர் கிருஷ்ணவேணி. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலமில்லாத குடும்பம். அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கித்தான் அப்பாவும் அம்மாவும் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். தொண்ணூற்று மூன்றில் அவள் பதினோராம் வகுப்பு. பள்ளிக்கு மருத்துவ முகாம் வந்தது. ஓட்டப்பந்தயத்தில் ஓடி முடித்து, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளின் காதில் நர்ஸ் ஒருத்தி விளையாட்டாக ஸ்டெதஸ்கோப்பை மாட்டிவிட்டாள்.

தகரக் கூரையில் அடைமழை பெய்கிற சத்தம். அது தன் சொந்த இருதயம் என்று புரியவே வேணிக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்து முடிப்பதற்குள் மழை குறைய ஆரம்பித்துவிட்டது. யாரும் அதட்டவில்லை, யாரும் தடவிக் கொடுக்கவில்லை. தானாக அடங்கி, தூறலாகி, சொட்டுச் சொட்டாக ஆனது.

"அக்கா, யாரு இத அடங்கச் சொல்றது?" என்று கேட்டாள்.

"அது இன்னாத்துக்கு உனக்கு? கொழாயக் குடு, பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு" என்றாள் நர்ஸ்.

பதில் கிடைக்காத கேள்வி முள் மாதிரி. எடுக்கிற வரைக்கும் நடக்க விடாது. உடற்கல்விப் பட்டம், சென்னையில் மேற்படிப்பு, அதற்குமேல் ஆராய்ச்சி என்று வேணி பத்து வருஷம் அந்த முள்ளோடு நடந்தாள். நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் உடம்பு எப்படித் தாங்குகிறது, எதனால் களைக்கிறது, எவ்வளவு உழைத்தால் வளரும், எவ்வளவுக்கு மேல் போனால் உடையும் என்பதுதான் அவள் படிப்பு. விளையாட்டு அறிவியல் என்று அதற்குப் பெயர். ஊரில் அதைப் புரியவைப்பதுதான் ஆராய்ச்சியைவிடக் கஷ்டமாக இருந்தது.

"ஓடறதுக்கு ஒரு படிப்பாடி? நாய் தொரத்துனா நான்கூடத்தான் ஓடுவேன்" என்றாள் அவளுடைய அத்தை.

"எவ்ளோ தூரம் ஓடுவ அத்த?"

"நாயி நிக்கிற வரிக்கும்."

"நாய்க்கு மூச்சு முட்டணும், உனக்கு முட்டக்கூடாது. அதுக்குத்தான் அத்த இந்தப் படிப்பு."

விழுப்புரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய ஓட்டப் பயிற்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஓடச் சொல்கிறவர் பயிற்சியாளர் தட்சிணாமூர்த்தி. 'போதும், நிறுத்து' என்று சொல்கிறவள் வேணி. அதனால் இரண்டு பேருக்கும் வாரத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். ஓடி வந்து நிற்கிற பிள்ளைகளின் காது மடலில் ஊசியால் குத்தி, ஒரு துளி ரத்தம் எடுத்து, உடம்பு எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்ப்பாள். 'காது குத்துற மேடம்' என்றே பெயராகிவிட்டது. "மேடம், கெடா எப்ப வெட்டுவீங்க?" என்று பிள்ளைகள் கேலி செய்யும். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த காதைப் பிடிப்பாள். எத்தனை காது குத்தினாலும் அவளுக்கு அலுக்கவில்லை. ஒவ்வோர் உடம்பும் புதுக் கோயில்தான் அவளுக்கு.

இரண்டாயிரத்து எட்டு முடிகிற சமயத்தில் வெற்றிவேல் வந்தான்.

மரக்காணத்துக்கு அருகே கடலோரக் குப்பம் அவன் ஊர். இருபது வயது, கறுத்து நீண்ட கால்கள், யார் முகத்தையும் நேராகப் பார்க்காத கூச்சம். அவனை ட்ரெட்மில்லில் ஏற்றி, முகத்தில் மூச்சு அளக்கிற முகமூடியை மாட்டி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். மற்றவர்கள் கையை ஆட்டி நிறுத்தச் சொல்கிற இடம் வந்தது, போனது. தட்சிணாமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். கடைசியில் இயந்திரத்தில் கூட்டுவதற்கு வேகமே மிச்சமில்லை.

முகமூடியைக் கழற்றியதும் பையன் மெதுவாகக் கேட்டான். "இது அவ்ளோதானா மேடம்?"

வேணி திரையில் அவன் நாடித்துடிப்பு கிணற்றில் போட்ட கல் மாதிரி விறுவிறுவென்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்படி ஒன்றைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள், கண்ணால் பார்த்ததில்லை.

தட்சிணாமூர்த்தி அவள் காதருகே குனிந்து, "மேடம், இவனையாச்சும் நிறுத்தச் சொல்லாம இருங்க" என்றார்.

ஆனால் நிறுத்தத்தான் வேண்டிவந்தது.

தேசிய முகாமுக்குப் போகிறவர்களுக்கு இருதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பது வழக்கம். புதுச்சேரியில் இருதய டாக்டர் பிரேம்குமார் படத்தைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், பிறகு வேணியை உள்ளே கூப்பிட்டார்.

"இருதயத்தோட சுவர் தடிச்சிருக்கு. ரெண்டு விதமா தடிக்கும், உங்களுக்கே தெரியும். உழைச்சு உழைச்சுத் தடிச்சா அது பலம். பொறப்புலயே வர்ற நோயால தடிச்சா, ஓடிக்கிட்டிருக்கும்போதே விழுந்துடுவாங்க. எழுந்திருக்க மாட்டாங்க. இவரு சரியா நடுவுல நிக்கறாரு." வெற்றிவேல் பக்கம் திரும்பினார். "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா தம்பி?"

வெற்றிவேல் யோசித்தான். "திடீர்னுன்னா... கடல்ல போனவங்கதான் சார் எல்லாம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார். "மூணு மாசம் உழைப்பே கூடாது. உழைப்பால வந்த தடிப்புன்னா கரைஞ்சிடும். நோயின்னா கரையாது. கரையலன்னா இவரு இனிமே ஓடவே கூடாது."

அதுதான் பரீட்சை. வெற்றிவேல் ஓட்டக்காரனா, நோயாளியா என்பதை ஓடிக் காட்டி நிரூபிக்க முடியாது. ஓடாமல் இருந்துதான் நிரூபிக்க வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு வேணி அவனுக்குப் புத்தி சொன்னாள். ஓடாதே. வேகமாக நடக்காதே. சைக்கிள் மிதிக்காதே. தண்டால் எடுக்காதே. நீச்சலடிக்காதே.

"ஃபுட்பால்?"

"மூச்!"

"கேரம்?"

"ஆடு. உக்காந்துகினு ஆடு."

அவன் தலையாட்டிவிட்டு ஊருக்குப் போனான். தட்சிணாமூர்த்தி ஒரு வாரம் வேணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "குதிரையைக் கட்டிப்போட்டுட்டு பந்தயத்துக்குப் போறேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே முகாமுக்குக் கிளம்பினார்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் எக்கோ. சுவர் கரையவில்லை.

"ஒரு மயிரிழை கூடித்தான் இருக்கு" என்றார் டாக்டர். அவருக்கும் முகம் வாடிப்போயிருந்தது. "இவரை நிறுத்தச் சொல்லி மையத்துக்கு எழுதிடறேன்."

"ரெண்டு நாள் பொறுங்க சார். அவங்க அம்மாகிட்ட நானே நேர்ல போயி சொல்லிடறேன். போன்ல சொல்ற சேதி இல்ல இது."

மறுநாள் காலை திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பேருந்தில் ஏறினாள். வழி முழுக்க வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் சரியாக உட்காரவில்லை. 'உங்க பையனுக்கு ஓட்டம்தான் போச்சு, உயிர் இருக்கு' என்று தொடங்கலாமா? அதைக் கேட்கிற தாய்க்கு எந்தப் பாதி காதில் விழும்?

குப்பத்தில் வெற்றிவேலின் அம்மா காசியம்மாள் வீட்டில் இல்லை. மீன் விற்கப் போயிருந்தாள். "புள்ள கரையில கீறான், போங்க" என்று பக்கத்து வீட்டில் கை காட்டினார்கள். காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தபடி வேணி மணலில் இறங்கி நடந்தாள்.

கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். படகில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையின் இரண்டு முனைக் கயிறும் கரையில் இருக்கும். ஒவ்வொருவனும் இடுப்பில் கட்டின துண்டுக் கயிற்றை அந்த வடத்தில் சுற்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மணலில் குதிகாலை ஊன்றி, பின்னாலேயே நடக்க வேண்டும். கடைசி வரைக்கும் போனவன் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் ஓரம் ஓடிவந்து, மறுபடியும் முன்னால் சேர்ந்துகொள்வான். கடல் ஒரு பக்கம் இழுக்கும், மனுஷர்கள் மறுபக்கம் இழுப்பார்கள். மீன் விழுந்த மடி, அதாவது வலையின் பை, கரைக்கு வந்து சேர வெகுநேரம் ஆகும்.

அந்த வரிசையின் முன்னால், கழுத்து நரம்பு புடைக்க, வடத்தில் தொங்கிக்கொண்டிருந்தவன் வெற்றிவேல்.

எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று நேற்று டாக்டர் சொன்ன இருதயம் அது.

"வெற்றி! வுடு! கயிற்ற வுட்றா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

வரிசையே திரும்பிப் பார்த்தது. வலைக்கு மூத்தவரான விருத்தாசலம் அதட்டினார். "யாருமா நீ? மடி வர்ற நேரத்துல வுடச் சொல்லி வாய வெக்கிற?"

"அவன் இழுக்கக் கூடாதுங்க! உடம்பு சரியில்ல!"

"யாருக்கு, இவனுக்கா?" பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "இவன் இஸ்தாத்தாம்மா எங்களுக்கே உடம்பு சரியாவுது!"

வெற்றிவேல் அவளைப் பார்த்தான். முகத்தில் பயமும் வெட்கமும். ஆனால் கயிற்றை விடவில்லை. விடவும் முடியாது. இடுப்புக் கயிற்றை வடத்தில் பூட்டிவிட்டால் தன் முறை முடிகிற வரைக்கும் ஒருவன் விலகக்கூடாது என்பது கரையின் வழக்கம். நடுவில் ஒருவன் விட்டால் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் மணலில் சரிவார்கள். வலை தளரும், மீன் போய்விடும்.

ஆகவே அவள் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பார்த்தாள். அவர்கள் அம்பாப் பாட்டை எடுத்துப் பாடினார்கள். ஒருவன் முன்னடி சொல்ல, மற்றவர்கள் பின்னடி சொல்ல, பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு இழுப்பு. வெற்றிவேல் சாய்ந்தான், நடந்தான், அவிழ்த்தான், தண்ணீர் ஓரம் ஓடினான், மறுபடியும் பூட்டினான். எந்தக் கணம் விழுவானோ என்று அவள் பார்த்தாள். அவன் விழவில்லை. வெயில் ஏறியது. அவன் விழவில்லை. பயத்துக்கு உள்ளே, விதைக்குள் முளை மாதிரி, வேறொன்று மெல்லத் தலைதூக்கியது.

எத்தனை நாளாக இதைச் செய்கிறான்?

மடி கரையேறியதும் வெற்றிவேல் முடிச்சை அவிழ்த்துவிட்டு வந்து நின்றான். அவள் வாய் திறப்பதற்குமுன் சத்தியம் செய்தான்.

"ஓடவே இல்ல மேடம். ஒரு நாள்கூட. சைக்கிளத் தொடல. வேணும்னா இவங்களக் கேளுங்க."

"அப்ப இது இன்னாடா?"

"எது?"

"இப்ப பண்ணிக்கினு இருந்தியே, அது!"

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. வலையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். "இது வேல மேடம். நீங்க ப்ராக்டீஸ்தான கூடாதுன்னீங்க?"

"தினமுமா?"

"அப்பாவுக்கு முட்டி போனதிலருந்து அவரு எடத்துல நாந்தான். ஊர்ல இருந்தா தினமும் வருவேன். ட்ரெயினிங்ல இருக்கச் சொல்லோதான் வர மாட்டேன். இந்த மூணு மாசம் ஓட்டம் இல்லியா, சும்மாதான இருக்கோம்னு சாயங்காலமும் சேர்த்து இஸ்தேன்."

கண்ணுகளா, வேணி அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று விருத்தாசலத்துக்கே தெரியவில்லை. "தண்ணி குடுங்கடா அந்தம்மாவுக்கு" என்றார். அவள் அழவில்லை. கரையாத சுவருக்குக் காரணம் நோயாக இல்லாமலும் இருக்கலாம். அந்த இருதயம் ஒரு நாளும் ஓய்ந்திருக்கவில்லை. பரீட்சையே இன்னும் நடக்கவில்லை!

அவளுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. வயிற்று ஆபரேஷன் முடிந்து, 'ரெஸ்ட் எடுங்கம்மா' என்று டாக்டர் சொல்லி அனுப்பிய மறு வாரமே மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கப் போனவள் அவள் அம்மா. 'உக்காந்துகினு செய்யற வேலதான' என்றாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த தனக்கா இது தோன்றாமல் போனது? இன்றைக்கும் வேணியிடம் புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளிடம் அவள் முதலில் ஓட்டத்தைப்பற்றிக் கேட்பதில்லை. விடிந்ததும் உன் வீட்டில் நீ எதைத் தூக்குகிறாய், எவ்வளவு தூரம் தூக்குகிறாய் என்றுதான் கேட்கிறாள். தண்ணீர்க் குடம், மாட்டுக்குப் புல்லுக்கட்டு, செங்கல், தம்பிப் பாப்பா என்று பதில் வரும். எல்லாவற்றையும் பயிற்சிக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறாள்.

அன்று மத்தியானம் காசியம்மாள் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். காசியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப எம்புள்ள மூணு மாசம் ஒண்ணுமே செய்யக் கூடாது. அதான?"

"ஆமாங்கம்மா. வலையத் தொடக் கூடாது, கூடை தூக்கக் கூடாது."

"செஞ்சா?"

"அவனுக்கு நோய் இருக்கா இல்லியான்னு கடைசி வரிக்கும் தெரியாது. நோய் இருந்து ஓடுனா..."

காசியம்மாள் மகனைப் பார்த்தாள். "இங்க இருந்தா இவன் கை சும்மா இருக்காது. வலை வர்றப்போ கரையில ஒரு ஆம்பள கையக் கட்டிக்கினு நின்னா ஊரு துப்பும். நீங்களே கூட்டிக்கினு போயிடுங்க மேடம். இவங்க அப்பாரு எடத்துக்கு என் தம்பியப் போடறேன்."

அப்படித்தான் கடலில் வளர்ந்த வெற்றிவேல் திண்டிவனத்தில், வேணியின் அண்ணன் மாசிலாமணியின் செல்போன் ரீசார்ஜ் கடையில் வந்து உட்கார்ந்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஒரு ஃபேன். ஷட்டரைத் தூக்குவதுகூட மாசிலாமணிதான். "எங்கப்பனுக்குக்கூட நான் இப்பிடி ஊழியம் பண்ணல" என்று அவர் தினமும் முனகிக்கொண்டே தூக்குவார்.

முதல் மாதம் அவன் கால் மேசைக்குக் கீழே தானாக ஆடிக்கொண்டிருந்தது. வேணி வந்து பார்த்து, "காலு" என்பாள். நிறுத்துவான். இரண்டாவது மாதம் ஆட்டம் நின்றது. கன்னம் உப்பியது, சட்டைப் பொத்தான் இழுத்துப் பிடித்தது. ஒரு நாள் ரயில் நிலைய மேம்பாலத்தில் மெதுவாகத்தான் ஏறினான். பாதியில் மூச்சு வாங்கியது. பிறந்ததிலிருந்து படிக்கட்டில் மூச்சு வாங்காதவன். அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டானாம்.

"மேடம், நான் போய்க்கினே இருக்கேன்" என்றான் அன்று சாயங்காலம். "என் உடம்பு என்னெ வுட்டுப் போய்க்கினே இருக்கு. மறுபடியும் வருமா?"

நல்லா வரும் என்று சொல்லியிருக்கலாம். அவனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "எனக்குத் தெரியாதுப்பா. ஆனா போறது நல்ல சகுனம்" என்றாள்.

எப்படிப்பட்ட வேண்டுதல் பாருங்கள். எல்லாரும் பிள்ளைக்குப் பலம் கொடு என்று சாமியைக் கேட்பார்கள். காசியம்மாள் செவ்வாய்க்கிழமைதோறும் வறுத்த மீனோடு பேருந்தில் வந்து, மகனின் தொப்பையைத் தட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் எளைக்க வையிம்மா என் புள்ளைய" என்று உள்ளே இருக்கிற இருதயத்துக்காக அம்மனைக் கேட்டுக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்து, ஒரு காலையில் வேணியும் வெற்றிவேலும் புதுச்சேரிக்குப் போனார்கள். அவன் மேசையில் ஒருக்களித்துப் படுத்தான். டாக்டர் பிரேம்குமார் குளிர்ந்த களிம்பைத் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்தார். திரையில் அந்தக் கூலியாள் திறந்து மூடித் திறந்து மூடி வேலை செய்துகொண்டிருந்தான். டாக்டர் அளந்தார். அழித்துவிட்டு மறுபடியும் அளந்தார். பிறகு பழைய படத்தைக் கொண்டுவந்து புதிய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சுவர் கரைந்திருந்தது. எல்லாருக்கும் இருக்கிற ஒரு சாதாரண இருதயம்.

"நோய் இல்ல" என்றார் டாக்டர். "உழைப்பேதான். அத்தனையும் உழைப்பு."

வேணி இரண்டு படங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். கல்லைச் செதுக்குகிற சிற்பி குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. இந்தச் சதைக்குக் கூட்டவும் தெரிந்திருக்கிறது, குறைக்கவும் தெரிந்திருக்கிறது. கடல் இழுத்தபோது இவனுக்காகச் சுவர் எழுப்பிக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்ததும், இவ்வளவு எதற்கு என்று தானே இறக்கி வைத்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை, எதையும் காட்டிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் படித்தும் இதன் வாசற்படியில்தான் நிற்கிறோம் என்று தோன்றியது. அந்த வாசற்படியே போதும் என்றும் தோன்றியது.

வெற்றிவேல் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தான். "இதானா என்னுது?"

"உன்னுதுதான்."

"சின்னதா போயிடுச்சே மேடம்" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. முகம் சிரித்தது.

காசியம்மாளுக்குப் போன் செய்தார்கள். மறுமுனையில் மீன் கடையின் இரைச்சல் மட்டும் கேட்டது, பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். தட்சிணாமூர்த்திக்குச் செய்தார்கள். "முதல்ல அந்தத் தொப்பையக் கொண்டாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

வெளியே வந்து சாலையைக் கடந்தபோது நிறுத்தத்திலிருந்து திண்டிவனம் பேருந்து நகர ஆரம்பித்திருந்தது. வெற்றிவேலின் உடம்பு முன்னால் சாய்ந்தது. உடனே தன்னைப் பிடித்துக்கொண்டு நின்று, வேணியைத் திரும்பிப் பார்த்தான். அரை வருஷமாக அவள் வாயில் பழகிய சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"ஓடு" என்றாள்.

அவன் ஓடினான். செருப்பு தட்ட, வயிறு குலுங்க, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக ஓடினான். பார்க்க அழகாகவே இல்லை. வேணி நடுச்சாலை என்றும் பார்க்காமல் வாயில் கைவைத்து நின்று பார்த்தாள். பேருந்து அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. முழங்காலில் கைவைத்துக் குனிந்து, புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு நின்றவன், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி திரும்பி வந்தான்.

"வுட்டுட்டேன் மேடம்."

"போவட்டும். அடுத்த பஸ்சு வரும்."

அவன் வந்த வழியை, காலியாகக் கிடந்த அந்தச் சாலையோரத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அது வர்ற வரிக்கும், அந்த மரம் வரைக்கும் போயிட்டு வரட்டா?"